வீட்டுச் சர்வருக்கு டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

மதர்போர்டில் உள்ள சாட்டா போர்ட்டுகள் நிரம்பிவிட்டன, இன்னும் சில ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்க்க எந்தக் கார்டு வாங்குவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தேடியபோது ஒருவர் பரிந்துரைத்த மாடலை இன்னொருவர் தொடவே கூடாது என்றார். இருவர் சொன்னதும் அவரவர் சர்வருக்குப் பொருந்திய பேச்சுதான் என்பது நெடுநாள் கழித்தே விளங்கியது. டிஸ்க்குகளின் எண்ணிக்கை, மதர்போர்டின் ஸ்லாட், கேபினட்டின் காற்றோட்டம், மின்கட்டணம் ஆகிய நான்கையும் முதலில் தெரிந்துகொண்டால் கார்டு ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கார்டை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப வளைக்கப் போனால் செலவு இரட்டிப்பாகும்.

லினக்ஸ், ட்ரூநாஸ், பிராக்ஸ்மாக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஏதோ ஒன்று ஓடும், இசட்எஃப்எஸ் போன்ற மென்பொருளே டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஒரு வீட்டுச் சர்வரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. எத்தனை டிஸ்க், எந்த வகை என்று எழுதிக்கொள்ளுங்கள்

இப்போது இருக்கும் டிஸ்க்குகள், அடுத்த இரண்டு ஆண்டுகளில் சேரக்கூடியவை, மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுகள் ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எட்டு டிஸ்க் வேண்டும் என்பதற்காக எட்டு போர்ட் கார்டு வேண்டும் என்று பொருளல்ல. மதர்போர்டில் நான்கு நல்ல போர்ட்டுகள் இருந்தால் உங்களுக்குத் தேவை இன்னும் நான்குதான். இசட்எஃப்எஸ் ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் டிஸ்க் தொகுப்பில் பாதி டிஸ்க் மதர்போர்டிலும் பாதி கார்டிலும் இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

அடுத்து டிஸ்க்கின் வகை. வீட்டுக் கணினிகளில் உள்ளது சாட்டா, நிறுவனச் சர்வர்களில் பயன்படுவது சாஸ் என்ற இணைப்பு வகை. சாட்டா டிஸ்க்கைச் சாஸ் கார்டில் இணைக்கலாம். சாஸ் டிஸ்க்கைச் சாட்டா போர்ட்டில் இணைக்க முடியாது. பார்த்தவுடன் இனங்காணும் வழி ஒன்று உண்டு: டிஸ்க்கின் பின்புறம் டேட்டா பகுதிக்கும் பவர் பகுதிக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அது சாட்டா, அந்த இடம் மூடப்பட்டு ஒரே கட்டையாக இருந்தால் அது சாஸ். நிறுவனங்கள் கழித்துவிட்ட சாஸ் டிஸ்க்குகள் மலிவாக வருகின்றன என்று வாங்குபவர்கள், அவற்றில் சில 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட் செக்டாரில் அமைக்கப்பட்டிருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட டிஸ்க் கார்டில் தெரியும், ஆனால் பயன்படுத்த வராது. எஸ்ஜி ஃபார்மட் என்ற கருவியால் 512 பைட்டுக்கு மாற்ற வேண்டும். பெரிய டிஸ்க்குக்கு அது பல மணி நேரம் பிடிக்கும், நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

சாட்டா எஸ்எஸ்டிகளை மதர்போர்டின் போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள். பழைய சாஸ் கார்டுகளின் வழியே டிரிம் கட்டளை (அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்வது) எல்லா எஸ்எஸ்டிகளுக்கும் போய்ச் சேர்வதில்லை. இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கையும் அங்கேயே வைத்தால், கார்டு பழுதானாலும் கணினி எழுந்து நின்று என்ன கோளாறு என்று சொல்லும்.

2. மதர்போர்டு கையேட்டைத் திறந்து ஸ்லாட்டைச் சரிபாருங்கள்

இது அரைமணி நேர வேலை. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையேட்டின் பிடிஎஃப் கோப்பை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இறக்கி, விரிவாக்க ஸ்லாட்டுகள் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். ஸ்லாட்டின் நீளம் ஒன்று, அதற்குள் ஓடும் லேன்களின், அதாவது தரவுப் பாதைகளின், எண்ணிக்கை வேறொன்று. எக்ஸ்4 என்றால் நான்கு லேன். பார்வைக்கு எக்ஸ்16 நீளம் இருக்கும் இரண்டாவது ஸ்லாட், பெரும்பாலான சாதாரண மதர்போர்டுகளில் எக்ஸ்4 வேகத்தில்தான் இயங்குகிறது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும், அல்லது கீழ் ஸ்லாட் செயலிழக்கும். இந்தத் தகவல் கையேட்டில் அடிக்குறிப்பாகச் சிறிய எழுத்தில் இருக்கும்.

கணக்கு எளிது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையில் ஒரு லேன் விநாடிக்கு 500 மெகாபைட், மூன்றாம் தலைமுறையில் சுமார் 985 மெகாபைட் கடத்தும். 7200 சுழற்சி கொண்ட பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வெளிவட்டத்தில் விநாடிக்கு 250 மெகாபைட் அளவில் படிக்கும். எட்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் படித்தால் 2000 மெகாபைட். மூன்றாம் தலைமுறைக் கார்டை எக்ஸ்4 ஸ்லாட்டில் போட்டால் சுமார் 3900 மெகாபைட் கிடைக்கும் என்பதால் கவலையே இல்லை. இரண்டாம் தலைமுறைக் கார்டை அதே எக்ஸ்4 ஸ்லாட்டில் போட்டால் 2000 மெகாபைட் என்ற மேல்வரம்பில் சரியாக வந்து நிற்கும். நடைமுறையில் அதற்கும் சற்றுக் குறையும். வீட்டு நெட்வொர்க் ஒரு கிகாபிட் என்றால் தினசரிப் பயன்பாட்டில் இது எதுவும் தெரியாது. தொகுப்பு முழுவதையும் சரிபார்க்கும் ஸ்கிரப் வேளையிலும், பழுதான டிஸ்க்குக்கு மாற்று டிஸ்க் நிரம்பும் வேளையிலும்தான் தெரியும்.

எக்ஸ்8 நீளமுள்ள கார்டு, பின்முனை மூடிய எக்ஸ்4 ஸ்லாட்டில் நுழையாது. கேபினட் சிறியதாக இருந்தால் கார்டின் உலோகத் தாங்கி முழு உயரமா, குறை உயரமா என்பதையும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். தாங்கி இல்லாமல் கார்டு ஆடிக்கொண்டிருந்தால் கேபிளை இழுக்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகும்.

3. ரெய்டு கார்டு வேண்டாம்

கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது, பல டிஸ்க்குகளைத் தானே ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டாகத்தான் இருக்கும். விலையும் கூடுதல், தோற்றமும் கம்பீரம். இசட்எஃப்எஸ் உள்ள சர்வருக்கு அது தேவையில்லை என்பதோடு இடையூறும் கூட. அந்தக் கார்டு டிஸ்க்குகளைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டு, தான் உருவாக்கிய ஒரு மெய்நிகர் டிஸ்க்கை மட்டுமே இயங்குதளத்துக்குக் காட்டுகிறது. அதன் சொந்த கேஷ், எழுதும் வரிசையில் தலையிடுகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலை நேரடியாகப் படிக்க முடிவதில்லை. கார்டே இறந்துபோனால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது டிஸ்க்கை உள்ளபடியே காட்டும் கார்டு. அதன் பெயர் எச்பிஏ. எல்எஸ்ஐ நிறுவனத்தின் கார்டுகளில் இந்த வேலையைச் செய்யும் ஃபர்ம்வேரை (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) ஐடி மோடு என்றும், ரெய்டு வசதியோடு வருவதை ஐஆர் மோடு என்றும் அழைப்பார்கள். விளம்பரத்தில் ஐடி மோடு என்று எழுதியிருந்தாலும் வந்து சேர்ந்ததும் நீங்களே சரிபார்க்க வேண்டும். எனக்கு வந்த ஒரு கார்டில் விற்பவர் சொன்னதற்கு மாறாக ஐஆர் ஃபர்ம்வேர்தான் இருந்தது.

ரெய்டு கார்டிலேயே ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு 0 ஆக அமைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை சொல்லப்படும். அதை ஏற்காதீர்கள். மேலே சொன்ன எல்லாக் குறைகளும் அப்படியே இருக்கும்.

4. ஐந்தாறு டிஸ்க்குக்குள் என்றால் சாட்டா கார்டே போதும்

இந்த இடத்தில் என் கருத்து பலரிடமிருந்து வேறுபடும். நான்கு முதல் ஆறு சாட்டா டிஸ்க்குகளைச் சேர்ப்பதற்குச் சாஸ் கார்டு வாங்குவது பெரும்பாலும் வீண். ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள கார்டு ஆறு போர்ட்டுகளைத் தருகிறது. மூன்றாம் தலைமுறையில் இரண்டு லேன்களைப் பயன்படுத்துவதால் ஆறு ஹார்ட் டிஸ்க்குகளின் 1500 மெகாபைட் வேகத்துக்கு அது போதும். ஜேமைக்ரானின் ஜேஎம்பி585 இதே இரண்டு லேனில் ஐந்து போர்ட் தரும். ஏஎஸ்எம்1064 ஒரே லேனில் நான்கு போர்ட். இவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் வேலை ஏதும் பெரும்பாலும் தேவைப்படாது, சூடும் குறைவு, லினக்ஸ் தன்னிடமுள்ள பொதுவான டிரைவரிலேயே இவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். கணினி சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் ஏஎஸ்எம்1166-ஐத் தேர்ந்தெடுங்கள். ஜேஎம்பி585 இருந்தால் பிராசஸர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போவதில்லை.

வாங்கும்போது சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். பத்து, பதினாறு, இருபது போர்ட் என்று குறைந்த விலையில் விற்கப்படும் கார்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு சிறிய சிப்பின் பின்னால், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிப்ளையர்களைக் கோத்திருப்பார்கள். ஒரு டிஸ்க்கில் பிழை வந்து இணைப்பு மீண்டும் தொடங்கும்போது, அதே மல்டிப்ளையரில் உள்ள மற்ற டிஸ்க்குகளும் சேர்ந்து காணாமல் போகும். ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் தொகுப்பு, நான்கு டிஸ்க் ஒரே நொடியில் மறைந்தால் தாங்காது. மார்வெலின் 88எஸ்இ9230 சிப் உள்ள கார்டுகள், மெய்நிகர் கணினிக்குக் கார்டை ஒப்படைக்கும் வசதி இயக்கப்பட்ட கணினிகளில் தொல்லை தருவது தெரிந்த விஷயம், அதையும் தவிர்க்கலாம்.

5. எட்டு டிஸ்க், அல்லது சாஸ் டிஸ்க் என்றால் எந்த மாடல்

எல்எஸ்ஐ என்ற பெயரில் தொடங்கி இப்போது பிராட்காம் பெயரில் வரும் கார்டுகளையே பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இவற்றின் டிரைவர்கள் நன்றாகப் புழங்கியவை. மாடல் எண்ணின் கடைசியில் உள்ள 8ஐ என்பது உள்ளே எட்டு டிஸ்க் இணைக்கலாம் என்பதைக் குறிக்கும். 8ஈ என்றால் வெளிப்புறப் பெட்டிக்கு உரியது, கேபினட்டுக்குள் உள்ள டிஸ்க்குகளுக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

9211-8ஐ: சாஸ் 2008 சிப், இரண்டாம் தலைமுறை ஸ்லாட், 6 கிகாபிட். மிக மலிவு. ஹார்ட் டிஸ்க்குக்கு இன்றும் போதுமானது. ஆனால் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 பதிப்பிலிருந்து இந்தச் சிப்புக்கான ஆதரவு நீக்கப்பட்டது. அந்தக் குடும்பத்து இயங்குதளம் பயன்படுத்துபவர்கள் வாங்குவதற்கு முன் தங்கள் பதிப்பில் இது இயங்குமா என்று பார்த்துவிட வேண்டும். டெபியனிலும் அதன் மேல் கட்டிய பிராக்ஸ்மாக்ஸிலும் இந்தச் சிக்கல் இல்லை.

9207-8ஐ: சாஸ் 2308 சிப், மூன்றாம் தலைமுறை ஸ்லாட், 6 கிகாபிட். எக்ஸ்4 ஸ்லாட் மட்டுமே கையில் உள்ளவர்களுக்கு முந்தையதைவிட இதுதான் சரி.

9300-8ஐ: சாஸ் 3008 சிப், மூன்றாம் தலைமுறை, 12 கிகாபிட். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் நான் இதையே பரிந்துரைப்பேன். ஹார்ட் டிஸ்க்குக்கு 12 கிகாபிட் வேகம் தேவை என்பதால் அல்ல, டிரைவர் ஆதரவு இன்னும் நீண்ட காலம் இருக்கும் என்பதால்.

இதற்கு மேலுள்ள 9400, 9500 வரிசைகள் என்விஎம்இ என்ற அதிவேக எஸ்எஸ்டிகளையும் ஏற்கும். ஹார்ட் டிஸ்க் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தப் பணம் தேவையில்லை. பதினாறு டிஸ்க்குக்காக 9300-16ஐ வாங்க நினைப்பவர்கள், அதில் இரண்டு 3008 சிப்புகளும் அவற்றை இணைக்கும் இன்னொரு சிப்பும் இருப்பதையும், தனியாக 6 ஊசி பவர் கேபிள் கேட்பதையும், அதற்கேற்பச் சூடாவதையும் கணக்கில் கொள்ளுங்கள். எட்டுக்கு மேல் போக வேண்டும் என்றால் ஒரு 8ஐ கார்டும் ஒரு சாஸ் எக்ஸ்பாண்டரும் (கார்டின் இணைப்பைப் பல டிஸ்க்குகளுக்குப் பகிர்ந்து தரும் பலகை) போதும். இன்டெல் ஆர்இஎஸ்2எஸ்வி240 என்ற எக்ஸ்பாண்டர் மோலெக்ஸ் (பழைய நான்கு ஊசி) பவரிலேயே இயங்குவதால் ஸ்லாட்டையும் பிடிப்பதில்லை. மிகப் பழைய 1068ஈ சிப் உள்ள கார்டு இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம், ஏனெனில் அது 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுமையாகக் காட்டாது.

சர்வர் நிறுவனங்களின் பெயரில் வரும் கார்டுகளும் உள்ளே இதே சிப்புகள்தான். ஐபிஎம் எம்1015, டெல் பெர்க் எச்200, எச்310 ஆகியவை சாஸ் 2008. டெல் எச்பிஏ330 சாஸ் 3008. இங்கே இரண்டு பொறிகள் உண்டு. டெல் கார்டுகளில் மினி என்று பெயர் கொண்டவை சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது, அவை பவர்எட்ஜ் சர்வரின் சொந்த இணைப்பிக்கு உரியவை. விளம்பரப் படத்தில் ஸ்லாட் ஊசிகள் தெரிகின்றனவா என்று உற்றுப் பாருங்கள். இரண்டாவது, எம்1015, பெர்க் கார்டுகளைச் செருகியதும் சில வீட்டு மதர்போர்டுகள் தொடங்காமலேயே நின்றுவிடும். அப்போது கார்டின் பி5, பி6 ஆகிய இரு ஊசிகளை மட்டும் கேப்டான் டேப்பால் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

6. கேபிளைக் கார்டோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்

9211, 9207 கார்டுகளில் எஸ்எஃப்எஃப்-8087 என்ற இணைப்பியும், 9300-இல் அதைவிடச் சிறிய எஸ்எஃப்எஃப்-8643 இணைப்பியும் உள்ளன. ஒவ்வொரு இணைப்பியும் நான்கு டிஸ்க்குகளாகப் பிரியும். எட்டு டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள்.

கேட்டு வாங்க வேண்டியது ஃபார்வர்ட் பிரேக்அவுட் கேபிள். ரிவர்ஸ் பிரேக்அவுட் என்று இன்னொன்று உண்டு. அது மதர்போர்டின் நான்கு சாட்டா போர்ட்டுகளிலிருந்து டிஸ்க்குகளைச் செருகும் பலகையான பேக்பிளேனுக்குப் போவதற்கானது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. தவறான கேபிளைப் போட்டால் எதுவும் எரிந்துவிடாது, டிஸ்க் மட்டும் தோன்றவே தோன்றாது. கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அதேபோல 8643 இணைப்பியிலிருந்து யு.2 எஸ்எஸ்டிக்குப் போகும் கேபிளும் விற்பனையில் உள்ளது. மறுமுனையில் நான்கு சாட்டா தலைகள் இருக்கும் படத்தைப் பார்த்தே ஆர்டர் செய்யுங்கள். சாஸ் டிஸ்க்குக்கு, பவர் வாயும் சேர்ந்த எஸ்எஃப்எஃப்-8482 தலையுள்ள கேபிள் வேண்டும்.

நீளம் அரை மீட்டர் போதும். சாட்டா டிஸ்க்குக்கு ஒரு மீட்டர்தான் எல்லை.

7. பவரும் காற்றும்

ஒரு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் வழியில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு சாட்டா பவர் தலையின் 12 வோல்ட் ஊசிகள் தாங்குவது 4.5 ஆம்பியர். ஆகவே ஒரு சாட்டா தலையை நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைப் போட்டால் 8 ஆம்பியர் அந்த ஒரு தலை வழியே பாய முயலும். சர்வர் தொடங்கும்போது மட்டும் டிஸ்க் மறைந்து தோன்றுகிறது என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் கேபிள்களில் டிஸ்க்குகளைப் பகிர்ந்து இணைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் மோலெக்ஸ் மாற்றியைப் பயன்படுத்துங்கள். அதிலும் கம்பியின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை வேண்டாம், தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. கம்பிகள் தனித்தனியே அழுத்திப் பொருத்தப்பட்ட வகையைக் கேளுங்கள்.

வெளிப்புற யூஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் பவர் கொடுத்தும் சுழலவில்லை என்றால், பவர் இணைப்பியின் மூன்றாம் ஊசிக்கு வரும் 3.3 வோல்ட் அதைத் தூங்க வைக்கிறது. 3.3 வோல்ட் கம்பி இல்லாத மோலெக்ஸ் மாற்றி வழியாகக் கொடுத்தால் எழுந்துவிடும்.

காற்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சாஸ் கார்டுகள் விசிறிகள் இரையும் சர்வர் பெட்டிக்காக வடிவமைக்கப்பட்டவை. 9211-8ஐ கார்டுக்கு நிமிடத்துக்கு 200 அடி காற்றோட்டம் வேண்டும் என்று உற்பத்தியாளரே குறிப்பிடுகிறார். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் காற்று அந்த ஹீட்சிங்க்கின் மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் வராத வீட்டுக் கேபினட்டில் ஸ்லாட் பகுதியில் அந்தக் காற்று கிடையாது. சித்திரை வைகாசி வெயிலில் ஏசி இல்லாத அறையில் நிலைமை இன்னும் மோசம். கை வைத்தால் ஒரு நொடிகூடத் தாங்க முடியாத சூட்டில் ஹீட்சிங்க் இருந்தால், 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அதன் மேலேயே பொருத்துங்கள். பழைய கார்டு என்றால் ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசிவிட்டே பயன்படுத்தத் தொடங்குங்கள். சூடு ஏறிய கார்டு உடனே நின்றுவிடுவதில்லை. ஸ்கிரப் ஓடும் நடுராத்திரியில் எல்லா டிஸ்க்கிலும் ஒரே சமயம் பிழை எண்ணிக்கையைக் காட்டும்.

சாஸ் கார்டு சும்மா இருந்தாலும் 10 வாட் அளவில் எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு அது 87 யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 700 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டில் ஒரு கணக்கெடுப்புக்கு ஏறக்குறைய 15 யூனிட் கூடும். உங்கள் பயன்பாடு ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருந்தால் அந்தப் பதினைந்தே உங்களை அடுத்த கட்டண அட்டவணைக்குத் தள்ளிவிடக் கூடும். சாட்டா கார்டே போதும் என்று நான்காம் படியில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

8. எங்கே வாங்குவது, என்ன ஆவணம், எந்த வரிசையில்

பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய கார்டுதான் வீட்டுக்குக் கட்டுப்படியாகும். ஈபேயில் 9207-8ஐ, 9300-8ஐ கார்டுகள் பெரும்பாலும் 30 முதல் 60 டாலருக்குள் கிடைக்கின்றன. ஆனால் இந்தியாவுக்கு வரவழைக்கும்போது அனுப்பும் செலவும், பொருள் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் சுங்க வரியும், கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும். மூன்றையும் கூட்டிய பிறகு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். கூரியர் நிறுவனம் சுங்கத்துக்காக உங்கள் ஆதார் அல்லது பான் போன்ற அடையாள ஆவணத்தையும், பணம் கட்டிய ரசீதையும் கேட்கும். அந்தச் செய்தி வந்த அன்றே பதிவேற்றிவிடுங்கள். தாமதித்தால் பொருள் கிடங்கில் கிடக்கும், அதற்கும் கட்டணம் ஏறலாம்.

உள்ளூரில் வாங்கினால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் கார்டின் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் மூன்றாம் நாள் மாறிவிடும். கார்டு கைக்கு வந்ததும் செருகுவதற்கு முன் இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைக்கவும். விசிறி, தெர்மல் பேஸ்ட், மோலெக்ஸ் கனெக்டர் போன்றவை சென்னை ரிச்சி தெருவில் அன்றைக்கே கிடைக்கும்.

பிரிக்காத பெட்டியில் புத்தம் புதிய எல்எஸ்ஐ கார்டு என்று மலிவாக வந்தால் ஐயப்படுங்கள். எல்எஸ்ஐ தனி நிறுவனமாக இருந்தது 2014 வரைதான். போலிக் கார்டுகள் புழக்கத்தில் உள்ளன. நிறுவனச் சர்வரில் ஓடிக் கழிந்த, தூசி படிந்த அசல் கார்டு அதைவிட மேல்.

ஆர்டர் செய்யும் வரிசையும் முக்கியம். கார்டும் கேபிளும் முதலில், டிஸ்க்குகள் கடைசியில். டிஸ்க்குகளை முதலில் வாங்கிவிட்டு, வெளிநாட்டிலிருந்து கார்டு வரக் காத்திருந்தால், பழுதான டிஸ்க்கைத் திருப்பித் தரும் கெடு பெட்டிக்குள்ளேயே முடிந்துபோகும். கையில் உள்ள பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டுக் கார்டைச் சோதித்துவிட்டுப் பிறகு புதியவற்றை வாங்குங்கள்.

9. ஃபர்ம்வேரைச் சரிபாருங்கள்

கார்டைச் செருகிக் கணினியைத் தொடங்கியதும், 2008, 2308 சிப்புக்குச் சாஸ்2ஃபிளாஷ் கருவியையும் 3008 சிப்புக்குச் சாஸ்3ஃபிளாஷ் கருவியையும் ஓட்டி விவரங்களைப் பாருங்கள். திரையில் வரும் ஃபர்ம்வேர் வரியில் ஐடி என்று இருக்க வேண்டும். முன்னதற்கு 20.00.07.00 பதிப்பு சரியானது. அதே இருபதாம் கட்டத்தின் தொடக்கப் பதிப்புகளில் கோளாறுகள் இருந்ததால் கடைசி எண்கள் வரை ஒப்பிடுங்கள். 9300 வரிசையில், சாட்டா டிஸ்க்குகளோடு கார்டு தானாக ரீசெட் ஆகும் குறையைத் தீர்க்கும் 16.00.12.00 பதிப்பு ட்ரூநாஸ் சமூகத்தினர் வழியே கிடைக்கிறது. பதிப்பு சரியாக இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் அந்தத் திரையில் தெரியும் 16 இலக்கச் சாஸ் முகவரியை எழுதிவையுங்கள். கார்டில் ஒட்டிய தாளிலும் அது இருக்கும், பழைய கார்டில் தாள் உரிந்திருக்கலாம். ஐஆரிலிருந்து ஐடிக்கு மாறும்போது பழைய ஃபர்ம்வேரை முழுதும் அழிக்க வேண்டிவரும். அப்போது முகவரியும் போய்விடும், திரும்பவும் நீங்களே இட வேண்டும். அழித்த பிறகு, புதியதை எழுதி முடிக்கும் வரை கணினியை ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். டிஸ்க்குகள் எதுவும் கார்டில் இணைந்திருக்க வேண்டாம்.

டாஸ் பதிப்புக் கருவி, புதிய மதர்போர்டுகளில் பால் என்ற ஒன்றைத் தொடங்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கார்டில் குறையில்லை; யூஇஎஃப்ஐ ஷெல்லில் அதற்குரிய பதிப்பைப் பயன்படுத்தினால் வேலை நடக்கும். கார்டின் வழியே பூட் செய்யப் போவதில்லை என்பதால் பூட் ராம் கோப்பை எழுதாமல் விடலாம். ஒவ்வொரு முறையும் கணினி விரைவாகத் தொடங்கும்.

பிராக்ஸ்மாக்ஸுக்குள் ட்ரூநாஸை மெய்நிகர் கணினியாக ஓட்டுபவர்கள், டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக ஒப்படைக்காமல் கார்டையே முழுதாக ஒப்படைக்க வேண்டும். பயாஸில் விடி-டி அல்லது ஏஎம்டியின் ஐஓஎம்எம்யூ இயக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கார்டில் உள்ள தொகுப்பை பிராக்ஸ்மாக்ஸும் ஒருசேரத் திறந்துவிடாதபடி, கார்டை, மெய்நிகர் கணினிக்கு ஒப்படைக்க உதவும் விஎஃப்ஐஓ டிரைவருக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். இரண்டு இயங்குதளங்கள் ஒரே தொகுப்பில் எழுதினால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

10. தரவை ஏற்றும் முன் சோதியுங்கள்

எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் இணைப்பு நிலையைச் சொல்லும் வரியைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைக் கார்டு அதற்குரிய ஸ்லாட்டில் இருந்தால் 8 ஜிடி, எக்ஸ்8 என்று வர வேண்டும். எக்ஸ்8 எதிர்பார்த்த இடத்தில் எக்ஸ்4, எக்ஸ்1 என்று இருந்தால் கார்டை எடுத்து, ஊசிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி செருகுங்கள்.

பிறகு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கின் மாடலும் சீரியல் எண்ணும் நேராகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கார்டு எதையும் மறைக்கவில்லை. அதே வெளியீட்டில் 199 என்ற எண்ணிட்ட சிஆர்சி பிழைக் கணக்கைக் குறித்துவையுங்கள். அந்த எண் சோதனைக்குப் பிறகு ஏறியிருந்தால், குறை பெரும்பாலும் கேபிளில் இருக்கும், டிஸ்க்கில் இருக்காது.

புதிய டிஸ்க்குகளைப் பேட்பிளாக்ஸ் கருவியின் எழுதும் சோதனைக்கு உட்படுத்துங்கள். அது நான்கு வகை வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கும். டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துபோகும். 8 டிபி டிஸ்க் சராசரியாக 180 மெகாபைட் வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், எட்டுச் சுற்றுக்கு நான்கு நாள். எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் ஓட்டினால், கார்டின் சூடு, கேபிள், பவர் சப்ளை ஆகியவையும் சேர்ந்தே சோதிக்கப்பட்டுவிடும் என்பதால் இந்த நான்கு நாளைச் சுருக்க வேண்டாம். பிளாக் அளவை 4096 என்று கொடுக்கவில்லை என்றால் இந்த டிஸ்க்கை அந்தக் கருவி ஏற்காது. சோதனை ஓடும்போது கர்னல் பதிவில் எம்பிடி2சாஸ் (2008, 2308 சிப்) அல்லது எம்பிடி3சாஸ் (3008 சிப்) என்று தொடங்கும் பிழை வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள்.

11. எந்த டிஸ்க் எந்த இடத்தில் என்று குறித்துவையுங்கள்

ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைச் சிறு தாளில் எழுதி, கேபினட்டைத் திறந்ததும் கண்ணில் படும் பக்கத்தில் ஒட்டுங்கள். தொகுப்பை உருவாக்கும்போது எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை விட்டு, சீரியல் எண் அடங்கிய அடையாளப் பெயர்களையே பயன்படுத்துங்கள். முந்தைய பெயர்கள் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் மாறக்கூடியவை. பழுதான டிஸ்க்கை எடுக்கப் போய் நல்ல டிஸ்க்கை உருவிவிடும் ஆபத்து இதனால் நீங்கும்.

இசட்எஃப்எஸ் தன் அடையாளத்தை டிஸ்க்குகளிலேயே எழுதிவைப்பதால், நாளை இந்தக் கார்டு பழுதானால் வேறொரு எச்பிஏவிலோ மதர்போர்டின் போர்ட்டுகளிலோ அதே டிஸ்க்குகளை எந்த வரிசையில் இணைத்தாலும் தொகுப்பை இம்போர்ட் செய்துகொள்ளலாம். அந்த நாளுக்காக, சாஸ் முகவரி எழுதிய தாள், பில், கார்டின் படங்கள், எழுதிய ஃபர்ம்வேர் கோப்பு, ஃபிளாஷ் கருவி ஆகியவற்றின் பிரதியை இந்தச் சர்வரில் அல்லாமல் ஒரு யூஎஸ்பி டிரைவில் போட்டு, கூடுதலாக வாங்கிய ஒரு பிரேக்அவுட் கேபிளோடு சேர்த்து எடுத்துவையுங்கள்.